முடிச்சு காம்பில் விழ வேண்டும்



பேரவையின் ஆண்டிதழ் கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் புரட்டுவது கவிதைப் பக்கங்களை; அடுத்தது சிறுகதைகளை. நானும் அப்படித்தான். அறிவியல் துறை மாணவனாகிய நான் இதுவரை இவ்விதழுக்குக் கொடுத்தவையும் இரண்டு கவிதைகளே. இம்முறை கவிதை எழுதவில்லை. என் பாட்டிக்கு வந்த ஒரு நோயைப் பற்றியும், அதைத் தமிழில் சொல்லத் தெரியாமல் நான் நின்ற நிலையைப் பற்றியும் எழுதுகிறேன். அந்நிலை என் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று என்பது என் எண்ணம்.

ஒட்டுமா, ஒட்டாதா?

பாட்டிக்கு வயது 71. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூ கட்டி விற்றவர். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு வாயில் புண் வந்தது. "வயித்துச் சூடு" என்றார்கள் வீட்டில். மணத்தக்காளிக் கீரை, மோர், இளநீர் எல்லாம் கொடுத்தோம். புண் ஆறவில்லை. ரசத்தைக்கூட விழுங்க முடியாமல் இளைத்துப் போனார். இரண்டு மாதங்களுக்குப் பின் முதுகிலும் மார்பிலும் நீர்க்கொப்புளங்கள் தோன்றின. உடனே "அம்மை" என்று முடிவாயிற்று. வாசலில் வேப்பிலை செருகினார்கள். பாட்டிக்குப் பின்னறை, தனித் தட்டு, தனிக் கோப்பை. சின்னப் பிள்ளைகள் அருகில் போகக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா வாசலோடு நின்று, "ஒட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அம்மை சில நாள்களில் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. கொப்புளம் உடைந்த இடம் புண்ணாகவே கிடந்தது. சட்டை உரசினாலே தோல் வழன்று வந்தது. கிளினிக்கிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தோலில் சிறு துண்டெடுத்துச் சோதித்தபின் நோயின் பெயர் தெரிந்தது: பெம்ஃபிகஸ் வல்காரிஸ்.

அது கிருமியால் வருவதன்று. யாருக்கும் ஒட்டாது. பாட்டியின் தோலில் உள்ள உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்ட முடியாமல் போனதுதான் நோயே. ஒட்டாமை என்னும் நோயை, ஒட்டுவாரொட்டி என்று எண்ணி, ஒரு மூதாட்டியைப் பின்னறையில் ஒட்டாமல் வைத்திருந்தோம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் செய்த மொழிபெயர்ப்பு

மருத்துவர் நல்லவர். மலாயிலும் ஆங்கிலத்திலும் பொறுமையாக விளக்கினார். நான்தான் இடையில் நின்று பாட்டிக்குச் சொல்ல வேண்டும். உயிரணு உயிரியல் பாடத்தில் 'ஏ' வாங்கியவன் நான். உயிரணுச் சந்திப்புகளை வரைந்து, பெயர் குறித்து, முழு மதிப்பெண் பெற்றவன். அன்று என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "பாட்டி, உங்க உடம்பே உங்க உடம்ப எதிரியா நெனச்சு அடிக்குது. மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்."

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் அம்மாவிடம், "என் உடம்புக்கே நான் வேணாமாம்" என்றாராம். முன்வினை, பாவம், யாருக்கோ செய்த தீங்கு என்று அவர் மனம் எங்கெங்கோ போயிருக்கிறது. மாத்திரையால் முகம் வீங்கியது. தூக்கம் கெட்டது. "இந்த மருந்து கிட்னிய கெடுத்துடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் உட்கொண்டவர் அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதை அவருக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மயங்கி விழுந்தார். மீண்டும் மருத்துவமனைக் கட்டில். கொப்புளங்கள் முன்பைவிட அதிகம்.

நான் சொன்னது பொய்யன்று. ஆனால், அதில் அறிவியல் எதுவும் இல்லை. எது எதை அடிக்கிறது, ஏன் தோல் வழல்கிறது, மாத்திரை எதை நிறுத்துகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும், தமிழில் தெரியாது. தமிழில் சொல்ல முயன்றபோதுதான், எனக்கே பாதிதான் தெரிந்திருக்கிறது என்பதும் புரிந்தது.

கையும் தோளும்

நண்பர்களே, அன்று நான் சொல்லத் தவறியதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

நம் மேல்தோல் உயிரணுக்களை அடுக்கிக் கட்டிய சுவர். ஆனால், இச்சுவரில் கற்களுக்கு இடையே வெறும் பசை பூசப்படவில்லை. ஒவ்வோர் உயிரணுவும் பக்கத்து உயிரணுவைப் பல இடங்களில் கைகோத்துப் பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பிடிக்கு டெஸ்மோசோம் என்று பெயர். கிரேக்க மொழியில் 'டெஸ்மோஸ்' என்றால் கட்டு. 'சோமா' என்றால் உடல். ஆக, கட்டுடல்!

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கை, டெஸ்மோகிளின் முதலான புரதங்கள். இரண்டு பேர் கைகோத்தால் மட்டும் போதுமா? கை தோளோடு இணைந்திருக்க வேண்டும். தோள் முதுகெலும்போடு இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுத்த இழுப்பில் கை மட்டும் தனியே வந்துவிடும். உயிரணுவுக்குள்ளும் எலும்பைப் போன்ற ஒரு சட்டகம் உண்டு. தோல் உயிரணுவில் அது கெரட்டின் என்னும் நார்களால் ஆனது. நம் முடியும் நகமும் அதே கெரட்டின்தான். கையை இந்தச் சட்டகத்தோடு சேர்த்துக் கட்டுபவை மூன்று வகைப் புரதங்கள்: பிளாக்கோகுளோபின், பிளாக்கோஃபிலின், டெஸ்மோபிளாக்கின். டெஸ்மோபிளாக்கினின் ஒரு முனை கைப்பக்கத்துப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை கெரட்டின் நாரைப் பற்றிக்கொள்ளும். தோலைக் கிள்ளினாலும் இழுத்தாலும் அது கிழியாமல் இருப்பதற்குக் காரணம் இந்த இடைக்கட்டுதான். ஓர் உயிரணுவில் விழும் இழுவை, நார்களின் வழியே எல்லா உயிரணுக்களுக்கும் பகிர்ந்து போகிறது.

உயிரணுக்களுக்கு இடையே வேறுவகைச் சந்திப்புகளும் உண்டு. ஒன்றில் கேடெரின் என்னும் கை, கேட்டனின் என்னும் இடைக்கட்டு வழியாக ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளோடு இணைகிறது. அங்கே ஒரு வியப்பு. இழுவை கூடும்போது ஆல்ஃபா கேட்டனின் தன் மடிப்பை விரிக்கிறது. விரிந்த இடத்தில் வின்குலின் என்னும் இன்னொரு புரதம் வந்து ஒட்டிக் கட்டை வலுவாக்குகிறது. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது.

இடைக்கட்டு பிறவியிலேயே பழுதானால் என்ன ஆகும்? கிரேக்க நாட்டின் நக்ஸோஸ் தீவில் சில குடும்பங்களில் கம்பளி போன்ற சுருள்முடியும் தடித்த உள்ளங்கையும் உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, சிலர் திடீரென இறந்துபோவதை 1986இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 2000ஆம் ஆண்டில் காரணம் தெரிந்தது: பிளாக்கோகுளோபின் மரபணுவில் பிழை. அதே ஆண்டில், எக்குவடோர் நாட்டில் காணப்பட்ட இதையொத்த நோய்க்கு டெஸ்மோபிளாக்கின் மரபணுப் பிழையே காரணம் என்றும் கண்டார்கள். முடிக்கும் உள்ளங்கைக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போம். ஓயாமல் உராயும் தோலுக்கும் ஓயாமல் துடிக்கும் இதயத்துக்கும் ஒரே இடைக்கட்டுத்தான் வேண்டியிருக்கிறது. இதயத்தில் கெரட்டினுக்குப் பதிலாக டெஸ்மின் என்னும் நார். வேறுபாடு அவ்வளவே.

பாட்டியின் நோயில் இடைக்கட்டு பிறவியிலேயே பழுதானதன்று. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புப் பொருள், தவறிப்போய் டெஸ்மோகிளின் என்னும் கையைப் பிடித்துக்கொள்கிறது. கோத்த கை நழுவுகிறது. கை நழுவியதும் உள்ளே இடைக்கட்டுக்கும் பிடிமானம் போய், கெரட்டின் நார்கள் ஓரத்தை விட்டு உள்ளே சுருங்குகின்றன. பிரிந்த உயிரணுக்களுக்கு நடுவே நீர் சேர்கிறது. அதுதான் கொப்புளம்.

இந்நோயாளிகளின் இரத்தத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் இருப்பதை 1964இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பியூட்னரும் ஜோர்டனும் காட்டினார்கள். அது குறிவைப்பது கேடெரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம் என்பதை 1991இல் ஜப்பானியரான அமகாயும் அமெரிக்கரான ஸ்டான்லியும் கண்டறிந்தார்கள். 1950களில் ஸ்டீராய்டு மருந்து வரும்வரை இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்தார்கள். 1980களில் டில்லியின் அகில இந்திய மருத்துவக் கழகத்தில் டாக்டர் பஸ்ரிச்சா, மருந்தை மாத இடைவெளியில் பெரிய அளவாகக் கொடுக்கும் முறையைப் புகுத்தினார். 2018இல் ரிட்டக்சிமேப் என்னும் மருந்துக்கு இந்நோய்க்காகவே அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மேலைநாடுகளில் கொப்புள நோய்களில் முதலிடம் வேறொரு நோய்க்கு. இந்தியாவிலோ பெம்ஃபிகஸ்தான் அதிகம். ஆகவே, இஃது எங்கோ யாருக்கோ வரும் நோயன்று. நம் வீட்டுக் கதவையும் தட்டக்கூடிய நோய்.

பாட்டி சொன்ன பாடம்

பாட்டி இரண்டாம் முறை வீடு திரும்பியபின், ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் என் வாடகை அறையிலிருந்து கிளம்பி, சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். பாட்டி முன் வாசலில் அமர்ந்து, விற்பதற்கன்று, சாமிப் படத்துக்காகக் கொஞ்சம் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். மேலே எழுதியதை எல்லாம் அவரிடம் சொல்ல முயன்றேன். கை, தோள், சட்டகம் என்று தடுமாறினேன். பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் காட்டிச் சொன்னார்:

"இதத்தான சொல்ற கண்ணு? முடிச்சு இதழ்ல விழுந்தா பூ உதிர்ந்துடும். காம்புல விழணும். காம்புல விழுந்தா சாமி கழுத்துல போட்டு இழுத்தாலும் வராது."

நான் வாயடைத்துப் போனேன். உயிரணுச் சந்திப்பு ஏன் உள்சட்டகத்தோடு கட்டப்பட வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

அடுத்து அவரே கேட்டார்: "அப்போ இந்த மாத்திர என்னா செய்யுது?" முடிச்சை அவிழ்க்கிற கையை மாத்திரை தடுத்து வைக்கிறது, உடம்பு புது முடிச்சுப் போட அவகாசம் கிடைக்கிறது, அந்தக் கை அடங்கும்வரை மாத்திரையைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும், ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்றேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல?" என்றார். அன்றிலிருந்து பாட்டி ஒரு வேளை மாத்திரையும் தவறவிடவில்லை. வீட்டில் தனித் தட்டும் போயிற்று.

இன்னொன்றும் சொன்னார். அவர் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "தோட்டத்துல டிரெசர் எல்லாத்தையும் தமிழ்ல சொல்லுவாரு. இப்ப பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மருந்து. ஆனா என்னா ஏதுன்னு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது." இதில் குறை மருத்துவமனையிடம் இல்லை. அங்கே நாலு மொழி பேசும் மக்கள் வருகிறார்கள். குறை, தமிழும் அறிவியலும் கற்று நடுவில் நிற்கும் நம்மிடம் இருக்கிறது.

தமிழுக்கு நாம் ஒதுக்கிய இடம்

2003இல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தது. அது கைவிடப்பட்டபின், 2011இல் முதலாம் ஆண்டில் நுழைந்தவர்கள் மீண்டும் தமிழில் கற்கத் தொடங்கினோம். நான் அந்த அணியைச் சேர்ந்தவன். ஒளிச்சேர்க்கை, ஈர்ப்பு விசை, நுண்ணுயிர் ஆகிய சொற்கள் எனக்குத் தமிழில்தான் முதலில் பழக்கம். இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய்க்கு மாறின, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு. ஆகவே, என் தமிழ் அறிவியலுக்குப் பன்னிரண்டு வயது. அது வளரவே இல்லை. நம்மில் எத்தனை பேருக்கு இதே கதை!

தமிழை நாம் விட்டுவிடவில்லை. பொங்கல் விழா, பட்டிமன்றம், நாடகம், கவிதைப் போட்டி என்று கொண்டாடுகிறோம். அவை வேண்டும். அவைதாம் நம்மைக் கைகோக்க வைக்கின்றன. ஆனால், கைகோத்த கை எந்தச் சட்டகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதே என் கேள்வி. நாம் அன்றாடம் கற்பதற்கும் பிழைப்பதற்கும் நோயுற்றால் மருந்துண்பதற்கும் தமிழோடு தொடர்பே இல்லையென்றால், நம் விழாக்கள் இதழில் விழுந்த முடிச்சுகள்தாம். பட்டம் பெற்று, வேலைக்குப் போய், முதல் இழுப்பு வந்ததும் உதிர்ந்துவிடுவோம்.

தமிழில் இவற்றைச் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு, வேதியியல் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். தமிழ் அவருக்குத் தாய்மொழியன்று. பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலைக் கட்டியவர்கள் அந்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள்தாம். தமிழகத்தில் மணவை முஸ்தபா தம் வாழ்நாளை மருத்துவ, அறிவியல் கலைச்சொல் அகராதிகளுக்கே கொடுத்தார். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினியில் தமிழை ஏற்றும் பணியைத் தொடங்கினார். சென்னை செய்யட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

மறுப்புகளும் என் மறுமொழியும்

"ஆங்கிலம் இல்லாமல் அறிவியல் உண்டா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. நான் மருத்துவப் படிப்பைத் தமிழுக்கு மாற்றச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழிலும் சொல்லத் தெரிய வேண்டும் என்கிறேன்.

"இளையோர்க்கு மலாயும் ஆங்கிலமும் தெரியுமே?" என்கிறார்கள். தெரியும். மாத்திரையை நிறுத்தியது இளையோர் அல்லரே!

"எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? தமிழகத்தில் செல், இலங்கையில் கலம், நம் நாட்டில் உயிரணு." இந்தச் சண்டையில் பல மாலைகள் கழிந்திருக்கின்றன. எதையேனும் ஒன்றைச் சொல்லுங்கள். டெஸ்மோபிளாக்கினுக்குத் தமிழ்ச்சொல் இல்லையென்றால் டெஸ்மோபிளாக்கின் என்றே எழுதுங்கள். மலாயில் 'திசு' என்பதும் தமிழில் 'திசு' என்பதும் ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவைதாம். இரண்டு மொழியும் கெட்டுப்போகவில்லை. பாட்டிக்கு நோயின் பெயர் இன்னும் வாயில் நுழையவில்லை. ஆனால், நோய் புரிந்துவிட்டது. சொல் பிறகு வரும்; விளக்கம் முதலில் வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, பேரவையின் ஒவ்வோர் ஆண்டிதழிலும் அறிவியல், மருத்துவம், பொறியியல் மாணவர்கள் தாம் கற்ற ஒன்றைத் தமிழில் விளக்கும் பக்கங்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும். கவிதைக்கு உள்ள பரிசு அதற்கும் வேண்டும்.

இரண்டு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, தோல்நோய் போன்றவற்றைப் பற்றி ஒரு நோய்க்கு ஒரு தாள் என எளிய தமிழில் எழுதுவோம். மருத்துவராகவும் மருந்தாளராகவும் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தரட்டும். அண்ணன்மார்களே, அக்காமார்களே, ஆண்டுவிழாவுக்கு நீங்கள் தரும் நன்கொடைக்கு நன்றி. அதைவிட உங்கள் ஒரு மணி நேரம் எங்களுக்குப் பெரிது.

மூன்று, இதற்கு அமைப்பும் கூட்டமும் தேவையில்லை. இந்த வாரம் கற்ற ஒரு பாடத்தை, வீட்டில் உள்ள ஒரு மூத்தவரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியில் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும்.

பாட்டி இப்போது வாரத்தில் மூன்று நாள் கடைக்குப் போகிறார். மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவமனை இருக்கையில் பக்கத்தில் அமரும் தமிழ் அம்மாக்களிடம், பூக்கட்டைக் காட்டித் தம் நோயை விளக்குகிறாராம். இரண்டாம் படிவம்கூடப் படிக்காத அவர் செய்யும் வேலையைப் பட்டம் பெறப்போகும் நாம் செய்ய மாட்டோமா?

சிந்திப்போம். நம் முடிச்சைக் காம்பில் போடுவோம்.